பத்து நிமிடம் போதும்

நாற்காலியை விட்டு எழாதவர்களின் தொடைத்தசை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் ஒரு வீட்டைச் சொல்வேன். இருபது அறைகள் உள்ள வீடு. குடியிருப்பது இரண்டு அறைகளில். மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. மெதுவாக நடக்கும்போது அந்த இரண்டு அறைகளில்தான் விளக்கு எரியும். மூச்சு முட்ட சைக்கிள் மிதித்தால்தான் பூட்டிய அறைகளும் வேறு வழியில்லாமல் திறக்கும். அதாவது, நிதானமான வேலைக்கு ஒருவகை நார்கள், அவசர வேலைக்கு வேறுவகை நார்கள். அவசரமே இல்லாத வாழ்க்கையில் இரண்டாவது வகை சும்மா கிடந்து மெலிந்துபோகிறது.

இதை அளப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. தொடையை மரத்துப்போகச் செய்து, அரிசியளவு தசையை ஊசியால் எடுத்து, உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றிப் பார்ப்பேன்.

உடற்பயிற்சியே செய்யாத ஆட்கள் எங்களுக்குத் தேவைப்பட்டார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தது என் அக்கா. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கத் தொலைபேசியில் பதில் சொல்கிறவள்.

"எங்க ஆபீஸ்ல கால் இருக்கறதே மறந்துபோனவங்க நூறு பேர் இருக்காங்கடா. நான் பேசறேன்" என்றாள். மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கினாள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். முதல் கையெழுத்து அவளுடையது.

பழைய கோப்புகள் வைத்திருந்த அறையில் நான்கு சைக்கிள்களைப் போட்டோம். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். ஒரு நிமிடம் சும்மா சுற்ற வேண்டும். இப்படி ஐந்து முறை, மொத்தம் பத்து நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம்.

"டாக்டரே, இது சைக்கிளா செக்கா?" என்று கேட்டாள் அக்காவின் பக்கத்து இருக்கைக்காரி. ஒல்லி உடம்பும் கூரான வாயும் சேர்ந்து அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வாங்கிக்கொடுத்திருந்தன.

"நான் டாக்டர் இல்லைங்க."

"அப்ப நான் யாரைத்தான் திட்டறது?"

மூன்றாவது சுற்றில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். "சின்ன வயசுல உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு. அப்பவே கீழ போட்டிருக்கணும்."

ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்த தசைச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சிறு அடுப்புகள் உண்டு. உணவு எரிந்து சக்தியாவது அங்கேதான். அவை பெருகியிருந்தன. நார்களைச் சுற்றி ஓடும் மயிரிழை ரத்தக் குழாய்களும் கூடியிருந்தன. இதில் அழகு என்னவென்றால், மிதித்து முடிப்பதற்குள் தசையில் எரிபொருள் திடீரென்று குறைந்துவிடுகிறது. உயிரணு அதை ஓர் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமலிருக்கப் புது அடுப்புகளைக் கட்டத் தொடங்குகிறது. ஒன்றுமே செய்யாதிருந்தவர்களிடம் இந்த மாற்றம் சீக்கிரம் தெரியும். பன்னிரண்டு பேரில் அதிகம் முன்னேறியிருந்தது என் அக்காவின் தசை.

இந்த முடிவைச் சொல்ல அவர்களுடைய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் படம் போட்டுக் காட்டினேன். மேலாளர் முன்வரிசையில் இருந்தார். எதையும் நிமிடக் கணக்கில்தான் கேட்பார். அதனால் ஊழியர்கள் அவரை நிமிஷம் என்பார்கள்.

"நாங்க தினமும் நடக்கறதுக்குன்னு நாப்பது நிமிஷம் விடறோம்" என்றார். "இந்தப் பத்து நிமிஷம் அதுக்கு ஈடாகுமா?"

நாங்கள் நடையை அளக்கவே இல்லை. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிரே நூறு முகங்கள், கையில் மைக், தலைக்குள் அந்த அடுப்புகள்.

"தசைக்குக் கடிகாரம் தெரியாது சார். அதுக்குத் தெரிஞ்சது அவசரம் மட்டும்தான். பத்து நிமிஷம் போதும்."

கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஊழியர்களுக்குக் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு கொடுத்த சலுகை அது; அதில் நடந்தவர்கள் குறைவு. சாப்பாட்டு நேரம் இருபதோடு சேர்ந்தால் ஒரு மணி நேரம். அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஓடிப்போய், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அத்தானைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டுத் திரும்பி ஓடிவருவாள். பக்கத்து வீட்டம்மா பத்து மணிக்கு ஒருமுறை புரட்டிவிட்டு வேலைக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவார். நடுவில் அக்காதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியும்.

கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் சுற்றறிக்கை வந்தது. நடை இடைவேளை ரத்து. பதிலாக அலுவலகத்திலேயே பத்து நிமிட சைக்கிள், எல்லாருக்கும் கட்டாயம். அடியில் நான் சொன்ன வாக்கியம், என் பெயரோடு.

அக்கா போனில் கத்தவில்லை. "நீ சொன்னதால போச்சு. நீயே வந்து சொல்லி வாங்கிக் குடு" என்றாள்.

போனேன். மேலாளர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"உங்க அக்கா நிலைமை புரியுது சார். ஆனா அந்த நேரம் உடம்புக்குன்னு குடுத்தது, வீட்டு வேலைக்குன்னு குடுக்கல. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க." ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "உடம்புக்கு நாப்பது நிமிஷ நடை வேணும்னு எழுதிக் குடுங்க. இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

ஒரே ஒரு வரி. நான் எழுதியது வேறு: இந்த ஆய்வில் நடையோடு ஒப்பிடவில்லை, பன்னிரண்டு பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவர் இரண்டு முறை படித்தார். "அப்ப நாப்பதுதான் மேல்னு நீங்க சொல்லல."

"சொல்லல. பத்து போதும்னும் சொல்லல."

"அன்னிக்குச் சொன்னீங்களே."

தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் எழுதவில்லை என்று. தெருமுனை வரைதான் அது நீடித்தது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல அன்று வாய் கூசவில்லை. அதைச் சரிசெய்ய எழுதத்தான் கை கூசியிருக்கிறது.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"உள்ளதை எழுதிக் குடுத்தேன்."

"நல்லதா போச்சு" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவளிடமிருந்து போன் வரவில்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள், ஒரு கை பிடிக்க வா என்று. அத்தானின் இடுப்பை நான் என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, அவள் முதுகுப்பக்கத்துத் துணியை விலக்கினாள். வலது இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் குழிந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "எலும்பு அழுத்தறதுல ரத்தக் குழாய் மூடிக்கும்கா. முதல்ல சாகறது தசைதான், தோல் கடைசிலதான். வெளியில இவ்வளவு தெரிஞ்சா உள்ள இன்னும்..."

அத்தானுக்குப் பேச்சுத்தான் வராது; காது நன்றாகக் கேட்கும். அவர் கண்கள் சுவரிலிருந்து என் முகத்துக்கு வந்தன.

"ஆறுமா?" என்றாள் அக்கா.

"ஆறும். மாசக்கணக்கா ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும்."

"யாரு?"

என் ஆய்வுக்கூடம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கக் காத்திருக்கவில்லை. புண்ணைக் கழுவி, மருந்து தடவி, கட்டுப்போட்டாள். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"எந்தப் பக்கமாப் படுக்கவைக்கணும்?" என்று கேட்டேன்.

"இடது பக்கம்" என்றாள். "அங்க இப்பத்தான் சிவக்க ஆரம்பிச்சிருக்கு."