அவள் இறங்கிய தண்ணீர்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பழக வருகிறவர்கள் பதறும்போதெல்லாம், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாமலே தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துவிடுவாள். கைகளிலும் கழுத்திலும் வாயோரத்திலும் அவளுக்கு வெள்ளைத் திட்டுகள் உண்டு. படிக்கிற காலத்தில் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துவைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததும், கியர் போடுகிற கையை எவ்வளவு நேரம்தான் மறைப்பது என்று விட்டுவிட்டாள்.

அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் குடும்பம் மாடியில், அவள் கீழே. பின்பக்கம் நீச்சல் குளம். அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அண்ணனுக்கு பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சந்தேகம். குளோரின் வாங்கிக் கொட்டுகிற தொல்லை வேண்டாமென்று உப்பு மெஷின் வைத்திருந்தார்கள். உப்புக் கரைத்த தண்ணீர் மெஷினுக்குள் இருக்கும் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது, மின்சாரம் அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்கிவிடும். எவ்வளவு வேண்டுமென்று அதிலுள்ள திருகுக் குமிழில் வைத்துவிட்டால் போதும். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவள் நீந்துவாள். அண்ணனின் இரண்டு பெண்களும் காலையில் இறங்குவார்கள்.

கோடை தொடங்கியதும் அந்தப் பெண்களுக்குக் கண் சிவந்தது, தோல் அரித்தது. அண்ணி பாதிப் படியிலேயே நின்றுகொண்டு பேச்சை எடுத்தாள்.

"தப்பா நினைக்காதே. உன்னோட அந்த... இது பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சோன்னு பயமா இருக்கு."

"எது அண்ணி?"

அண்ணி தன் கையைத் தடவிக் காட்டினாள்.

"இது தொட்டாலும் ஒட்டாது, தண்ணியிலயும் ஒட்டாது. டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னாரு?"

"அவருக்கென்ன, சொல்லுவாரு. அவரு பிள்ளைங்களா இறங்குது?"

அவள் நேராகக் குளத்துக்குப் போனாள். கொஞ்ச நாளாக அவளுக்கும் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. சோதனைத்தாளை நனைத்துப் பார்த்தாள். வழக்கமாக இளஞ்சிவப்பாகிற தாள் கருநீலமாகிவிட்டது. குளோரின் எக்கச்சக்கம். திருகு அவள் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் 'சூப்பர்' பொத்தானின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெருமழைக்குப் பிறகோ, பெருங்கூட்டம் குளித்த பிறகோ அழுத்துகிற பொத்தான் அது. அழுத்தினால் நாள் முழுக்க மெஷின் முழு வேகத்தில் ஓடும். மெஷின் கோளாறு என்றே நினைத்து அணைத்தாள். தகடுகளைக் கழற்றி, படிந்திருந்த சுண்ணாம்பையும் கழுவினாள். மறுநாளும் விளக்கு எரிந்தது. மறுபடியும் அணைத்தாள்.

அன்று சாயங்காலம் நீந்திவிட்டு உள்ளே போனவள், மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தாள். மெஷின் முன்னால் அண்ணி. விரல் பொத்தானில்.

"எத்தனை நாளா அண்ணி?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "சுத்தமாகட்டும்னுதான்... நீ இறங்கின பிறகு மட்டும்தான்."

நீ இறங்கின பிறகு மட்டும்தான். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். காது மடல்தான் சூடேறியது.

"பிள்ளைங்க கண்ணைக் கெடுத்தது என் தோல் இல்ல அண்ணி. உங்க விரல்."

விஷயம் அண்ணனிடம் போனது. "விட்டுடேன். நீ கொஞ்ச நாள் இறங்காம இருந்தா பிரச்சினையே இல்ல" என்றான்.

"கொஞ்ச நாள்னா? என் தோல் மாறுற வரைக்குமா?"

அண்ணன் செல்போனை எடுத்துத் தடவினான்.

"அது மாறாது. நானும் மாற மாட்டேன். குளத்துல இறங்குவேன். இனிமே மெஷினை நான் மட்டும்தான் தொடுவேன்."

மெஷினின் மூடியில் பூட்டுப் போட்டாள். தண்ணீர் பழைய நிலைக்கு வந்தது. பெண்களின் கண்ணும் தெளிந்தது. ஆனால் அண்ணி அவர்களைக் கீழே விடவில்லை. கொடியில் போட்ட துணி மாதிரி இருவரும் மாடிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, அத்தை நீந்துவதைப் பார்த்தார்கள். அதுதான் அவளைக் குடைந்தது. ஒருநாள் இறங்கவே மனமில்லாமல் துண்டோடு கரையில் நின்றாள். மேலே ஜன்னல் திரை லேசாக விலகி மூடியது. ஓகோ, வேவு பார்க்கிறாயா? துண்டை வீசிவிட்டுத் தொப்பென்று குதித்தாள், மாடி வரை சத்தம் கேட்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் கார் பழகிய பெண்களையெல்லாம், நடந்ததைச் சொல்லி, வரச் சொன்னாள். தையல்காரி வந்தாள், பல் டாக்டர் வந்தாள், பேங்க் வாசலில் காவல் நிற்கும் அம்மாள் வந்தாள். புதுசாக லைசென்ஸ் வாங்கிய ஒருத்தி கேட்டை உரசிக்கொண்டே வந்து சேர்ந்தாள். குளம் அல்லோலகல்லோலப்பட்டது. அண்ணன் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டு இவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்தே?"

"பாதி வீடு என்னுது. தண்ணியில கோடு கிழிச்சுப் பாதி எடுத்துக்க முடியல. அதான் முழுசா எடுத்துக்கிட்டேன்."

அதற்குள் அவனுடைய இரண்டு பெண்களும் அவனைத் தாண்டி ஓடிவந்து குதித்தார்கள். பின்னாலேயே அண்ணி. "ஏறுங்கடி மேலே! சொன்னா கேக்க மாட்டீங்க?"

மல்லாந்து மிதந்துகொண்டிருந்த பேங்க் அம்மாள் தலையைத் தூக்கினாள். "ஏம்மா சத்தம் போடுறீங்க? இவங்க பிடிச்ச ஸ்டியரிங்கைத்தான் நாங்க அத்தனை பேரும் பிடிச்சோம்." ஈரக் கையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். "எங்களுக்கு ஒட்டினது லைசென்ஸ் மட்டும்தான்."

குளமே சிரித்தது. அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான். அண்ணி யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று படியேறினாள். பிள்ளைகளை அதற்கு மேல் அவள் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி தடுக்கவும் இல்லை, குளத்தில் கால் வைக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பிரேக் அக்கா அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த ஞாயிறும் ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை பல் டாக்டர் தன் மாமியாரையும் கூட்டிவந்திருந்தாள்.