விட்டம் தாங்கும் என்றவன்

கணேசமூர்த்தி தன் வீட்டுக் கொட்டகையிலேயே செத்துப்போனான். 1961ஆம் வருடம், சித்திரை மாதம். இலங்கை மலைநாட்டு ராகலையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவன் அவன். கழற்றிப் பழுது பார்த்த எஞ்சினைத் தம்பி கந்தப்பனோடு சேர்ந்து திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான். எஞ்சின் கயிற்றில் தொங்க, கந்தப்பன் கயிற்றைப் பிடித்திருந்தான். கணேசமூர்த்தி காருக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கயிறு கட்டியிருந்த கூரை விட்டம் முறிந்தது. எஞ்சின் நேரே அவன் நெஞ்சில் இறங்கியது.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் கந்தப்பன் சொன்னான்: "அண்ணன்தாங்க அவசரப்பட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "இப்படி அவசரப்பட்டுப் பொண்டாட்டியத் தனியா விட்டுட்டுப் போயிட்டானே." கணேசமூர்த்தியின் மனைவி ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு கந்தப்பன், தான் லொறி ஓட்டும் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டான். மாதத்தில் ஒருநாள் வந்து, அண்ணன் வீட்டில் இருந்த அம்மா ராக்காயியைப் பார்த்துவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிவிடுவான். கார் அங்கேயே நின்றது. எஞ்சின் மூலையில் ஒரு சாக்கின் மேல் கிடந்தது.

கார்த்திகையில் ஜெயலெட்சுமி அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"தம்பி, றொசல்லயில இருந்து எங்க அண்ணன் வாறாரு. காரை அங்க கொண்டுபோய் ஓட்டப் போறாரு. நானும் அவரோடயே போயிடுறேன். எஞ்சினை நீங்கதான் ஏத்திக் குடுக்கணும்."

"டவுன்ல மெக்கானிக் எத்தனையோ பேரு இருக்காங்க அண்ணி."

"இருக்காங்க. ஆனா நீங்கதான் செய்யணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கந்தப்பன் வந்தான். கூடவே தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த வைரவனும், அங்கிருந்து கேட்டு வாங்கிய, பாரம் தூக்கும் செயின் புளொக்கோடு வந்தான். காரைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினார்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். தொடை கனத்தில் மூன்று யூக்கலிப்டஸ் மரங்களை முக்காலியாக நிறுத்தி, தலையில் கம்பியால் இறுக்கிக் கட்டி, செயின் புளொக்கை அதில் தொங்கவிட்டார்கள். கால்கள் விலகாமல் இருக்கக் கந்தப்பன் மண்ணில் முழ ஆழத்துக்குக் குழி தோண்டினான். அதோடும் மனம் ஆறாமல், மூன்று கால்களையும் சுற்றி ஒரு சங்கிலி போட்டான்.

"யானையையா தூக்கப் போறோம்?" என்றான் வைரவன்.

கந்தப்பன் சிரிக்கவில்லை. சாக்கோடு இழுத்து வந்து முக்காலிக்கு அடியில் வைத்த எஞ்சினைக் கயிற்றால் கட்டவும் சம்மதிக்கவில்லை. சங்கிலியை எஞ்சின் தலையிலேயே போல்ட் போட்டு முடுக்கினான். ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கி, அடியில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கினான்.

"இப்படியே கொஞ்ச நேரம் தொங்கட்டும். மரம் தாங்குதா, கட்டு நழுவுதான்னு பார்த்துட்டுத்தான் மேல தூக்கணும். யாரும் அடியில போகக் கூடாது. கையக்கூட விடக் கூடாது."

ஜெயலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வைரவன் கோப்பையை வாங்கிக்கொண்டு தொங்கும் எஞ்சினைப் பார்த்தான்.

"கணேசமூர்த்தியும் இப்படிக் கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னைக்கி இருந்திருப்பான். அவசரம். என்னா செய்யிறது."

கந்தப்பன் கோப்பையைக் கீழே வைத்தான். ஜெயலெட்சுமி உள்ளே போகாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் அவசரப்படல," என்றான் கந்தப்பன்.

"என்னாப்பா சொல்ற?"

"உங்ககிட்ட செயின் புளொக் கேப்போம், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுப்போம்னுதான் அண்ணன் சொன்னாரு. எனக்கு மத்தியானம் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போக இருந்துச்சு. விட்டம் தாங்கும், நாலு ஆளு தொங்குனாலும் தாங்கும்னு நான்தான் சொன்னேன். விசாரணையில பயந்துபோய் மாத்திச் சொல்லிட்டேன்."

கந்தப்பன் அண்ணியின் பக்கம் திரும்பவே கூசினான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அன்னைக்கி நான் குசினியில சமைச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு."

"தெரிஞ்சுமா அண்ணி சும்மா இருந்தீங்க?"

"அத்தை பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ஒரு மகனை அப்பத்தான் தூக்கிட்டுப் போனாங்க. இன்னொரு மகனை நான் எப்படிக் காட்டிக் குடுக்கிறது? நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஏழு மாசமாப் பார்த்தேன்." அவள் குரல் உடைந்தது. "ஒரு வளைவுல ஹோர்ன் அடிக்காமத் திரும்பாத மனுசன் தம்பி அவரு. அவரைப் போயி ஊரே அவசரக்காரன்னு பேசுது. அதைக் கேட்டுக்கிட்டு என்னால இங்க இருக்க முடியல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கந்தப்பன் முற்றத்திலேயே குந்தி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து வைரவன் அவன் தோளைத் தொட்டான். "எந்திரி. பாரம் தொங்குது. முதல்ல அதை இறக்குவோம்."

எஞ்சினை உயரத் தூக்கி, கல்லை எடுத்துக் காரை அதன் அடிக்குத் தள்ளி, மறுபடி கல் வைத்து, இருவரும் வேலையை முடித்தார்கள். வைரவன் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுக்க, கந்தப்பன் பக்கவாட்டில் நின்று ஒரு கம்பால் எஞ்சினைத் திருப்பிவிட்டான். கியர்பெட்டிக்கு அடியில் ஜெக் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான்கு போல்ட்டுகளும் இறுகிய பிறகுதான் செயின் புளொக்கைக் கழற்றினார்கள். மூன்றாவது தரம் சாவி போட்டபோது எஞ்சின் ஓடியது. சத்தம் கேட்டு ராக்காயி வாசலுக்கு வந்தாள்.

கந்தப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கைக்கரியைக் கழுவாமலே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பொறுப்போம்னா சொன்னான்?"

"ஆமாம்மா."

ராக்காயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். அவன் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

புதன்கிழமை ஜெயலெட்சுமியின் அண்ணன் அழகையா வந்து, காரில் அவளுடைய பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றினார். கந்தப்பன் ரோட்டோரம் நின்றான். அதற்குள் அவன் கடைத்தெருவில் பலரிடம் உண்மையைச் சொல்லியிருந்தான். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் அவன் முகத்துக்கு நேரே துப்பினார். தோட்டத்து நண்பர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

"றொசல்லைக்கு வந்து பார்க்கலாமா அண்ணி?"

அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். "சொன்னீங்களே, அது போதும். கும்பிட்டுக்கிறேன். ஆனா உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது. வராதீங்க தம்பி. அத்தையப் பார்த்துக்குங்க."

கார் புறப்பட்டது. கந்தப்பன் வீட்டுக்குள் போனான். ராக்காயி அவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.