பெயர் சொல்லாமல் அனுப்பியது

எங்கள் குழுவில் ஒன்றை அனுப்பும்போது பெயர் சொல்லக் கூடாது. பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த வருடம், எதுவும் கூடாது. கோப்பின் பெயரை அழித்துவிட்டுத் தேதியை மட்டும் போட்டு, புதன்கிழமை மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சனிக்கிழமைக்குள் இரண்டு வரியாவது எழுத வேண்டும். ஞாயிறு நான்கு மணிக்கு நேரில் கூடி, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்ட பிறகுதான் அனுப்பியவர் வாயைத் திறந்து பெயரைச் சொல்லலாம்.

விதியைப் போட்டவர் பல் டாக்டர். பெரிய பெயர் என்றால் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டுகிறோம், தெரியாத பெயர் என்றால் கொட்டாவி விடுகிறோம், பெயர்தான் காதை அடைக்கிறது என்பது அவர் கட்சி. வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆட்களிடம் பகலெல்லாம் பேசிப் பழகியவர். பதில் வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் பேசுவார்.

மற்ற மூவரும் அவரிடம் பல் காட்டப் போனவர்கள். காத்திருக்கும் அறையில் அவர் போட்டிருந்தது என்ன இசை என்று கேட்டோம், மாட்டிக்கொண்டோம். தையல்கடை அக்கா ஒருவர். ஞாயிறு அவர் கடைக்கு விடுமுறை என்பதால் அங்கேதான் கூடுவோம். பார்சல் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர். நாள் முழுதும் வண்டியில் கேட்டுக்கொண்டே போவார், எழுதுவது மட்டும் இரண்டே சொல்: "கேட்டேன். சரி." நான்காவது ஆள் நான். குடிநீர் சோதனைக் கூடத்தில் வேலை. அக்கா என்னை லேபு என்று கூப்பிடுவார்.

உண்மையைச் சொன்னால், நான் இரண்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் தவிர, எதையும் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பகலில் கண்ணயர்ந்தாலும் அப்படித்தான். அவர் தூங்கும்போது நான் அடுப்படியில் இருந்தாலும் காது அவர் கட்டிலில் இருக்கும். இயர்போன் மாட்டினால் அவர் சத்தம் கேட்காது. சோதனைக் கூடத்தில், முன்பெல்லாம் தட்டுகளில் கிருமிப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே கேட்பேன். இப்போது பக்கத்து வீட்டு அத்தை எப்போது கூப்பிடுவாரோ என்று போனைக் கண் முன்னால் வைத்திருக்கிறேன். பேருந்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன்.

ஆனாலும் வாரா வாரம் எழுதினேன். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கோப்பை போனில் திறந்தால் ஒலியின் அலை படமாகத் தெரியும். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்துக்கொள்வேன். "நான்காவது நிமிடத்தில் எல்லாம் அடங்கிப் பிறகு எழும் இடம் மனதைப் பிசைகிறது" என்று எழுதுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எந்த இசையிலும் எங்காவது ஓரிடத்தில் அடங்கி எழத்தான் செய்கிறது.

விட்டுவிலகியிருக்கலாம். ஆனால் ஞாயிறு அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அத்தை வந்து அப்பாவோடு உட்காருவார், நான் கிளம்பிவிடுவேன். சோதனைக் கூடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் கேட்கிறார்கள், அப்பா எப்படி இருக்கிறார் என்று. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தையல்கடையில் யாருக்கும் அப்பாவைப் பற்றித் தெரியாது. அங்கே நான் நல்ல காது உள்ள ஒரு பெண், அவ்வளவுதான்.

நெஞ்சு நோய் டாக்டர், அப்பா தூங்கும்போது பத்து நிமிடமாவது பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருந்தார். புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் தலையணைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுப் போனை வைத்தேன். பன்னிரண்டு நிமிடம். குழுவுக்கு அனுப்ப, எப்போதோ சேர்த்து வைத்திருந்த ஒரு குழலிசையை எடுத்துப் பெயரை அழித்துத் தேதியைப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே நீளம். போன் தன் பதிவுக்குத் தானே தேதியைப் பெயராக வைத்துக்கொள்ளும். மருத்துவமனைக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று அடுத்தடுத்து அனுப்பிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

வியாழக்கிழமை பல் டாக்டர் குழுவில் நீளமாக எழுதியிருந்தார். மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பன்னிரண்டு நிமிடம் நம்மைக் கட்டிப்போடுகிறார், தாளம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கும்போது நிறுத்திவிடுகிறார், அந்த நிறுத்தங்களில் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மூன்று முறை கேட்டும் எந்தக் கருவி என்று பிடிபடவில்லை என்று. குழல்கூடவா இவருக்குத் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவருக்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: "டாக்டர் சொன்னதேதான். தைச்சுக்கிட்டே கேட்டேன், அவ்ளோ சுகமா இருந்துச்சு. கடைசியில கண்ணு கலங்கிடுச்சு."

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் மாதிரிப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"நீங்க அனுப்புனதுல யாரோ குழல் வாசிக்கறாங்கம்மா."

எனக்குப் புரியவில்லை.

"டாக்டர் முழுசாக் கேட்டாரு. நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு. ஆனா அவருக்கு உங்க அப்பாவோட மூச்சுதான் வேணுமாம்."

புட்டியைக் கீழே வைத்தேன். குழுவில் போட்டிருந்த கோப்பைத் திறந்தேன். அலை தடித்து, தடித்து, தடித்து, பிறகு ஒரு நேர்கோடாகப் போனது. இரண்டு மாதம் அலையைப் பார்த்தே பழகியிருந்தேன், இதைக் கேட்க மனம் வரவில்லை.

மருத்துவமனைக்குச் சரியானதை அனுப்பினேன். குழுவில் இருப்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். டாக்டர் மூன்று முறை கேட்டு மயிர்க்கூச்செறிந்த பிறகு எதைச் சொல்லி எடுப்பது? மாலையில் வேன் அண்ணனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. இரண்டு சொல்லுக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"யாருக்கு உடம்பு சரியில்ல? மூச்சு நடுவுல நிக்குது. ஒரு எடத்துல பதினோரு செகண்டு. எங்க மாமாவுக்கு இப்படி இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

அப்பாவுக்கு என்றும், காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றும், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதினேன். "சரி" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஒரு பெயரைத் தயார் செய்துகொண்டேன். எங்கோ குளிர் தேசத்துக்காரர், வயதானவர், இந்த ஒன்றைத் தவிர வேறெதையும் வெளியிடாதவர். டாக்டர் தேடினாலும் கிடைக்க மாட்டார். மூன்று நிறுத்தம் வரைக்கும் அந்த ஆளுக்கு ஊர், தொழில் எல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன். பொய் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தேன்.

கடை முழுதும் பள்ளிச் சீருடை. தைத்தவை ஒரு பக்கம் மலையாக, பொத்தான் வைக்காதவை இன்னொரு பக்கம். அக்கா வெட்டும் மேஜையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி ஒலிபெருக்கியை வைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேன் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. டாக்டர் என்னுடையதைத்தான் முதலில் போட வேண்டும் என்றார்.

அப்பா கடை முழுக்க மூச்சுவிட்டார். வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாக, அடித்தொண்டையில் ஒரு கரகரப்போடு. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தொடையில் தட்டினார். இரண்டு நிமிடம் போயிருக்கும். அக்கா தலையைத் தூக்கினார்.

"இது யாரோ தூங்கற மாதிரில்ல இருக்கு?"

"நீங்க இதைக் கேட்டுக் கண்ணு கலங்குச்சுன்னு எழுதியிருந்தீங்களே" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

"மிஷின் சத்தத்துல சரியா வெளங்கல டாக்டர்."

வேன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மூச்சு நின்றது. டாக்டரின் விரல் அந்தரத்தில் நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, எப்போதும் எண்ணுவேன், அவ்வளவுதான். ஐந்து. ஆறு. எட்டுவரைக்கும் பொறுப்பேன், அதற்குள் திரும்பவில்லை என்றால் போய்த் தோளைத் தொட வேண்டும். ஒன்பது. மூச்சு இழுத்துக்கொண்டு திரும்பியபோது நான் கடை நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி பின்னால் சரிந்து கிடந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

குளிர் தேசத்துக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

"எங்க அப்பா" என்றேன். "தப்பா அனுப்பிட்டேன்."

டாக்டர் ஒலிபெருக்கியை நிறுத்தப் பார்த்து, பொத்தான் அகப்படாமல் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பிறகு கம்பியையே பிடுங்கினார். மன்னிச்சிடுங்கம்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம் நான் பயந்தது எல்லாம் வரிசையாக வந்தது. எத்தனை நாளாக, எந்த டாக்டர், வீட்டில் வேறு யார். தன்னோடு படித்த ஒருவர் நெஞ்சு நோய் நிபுணர் என்று சொல்லி அங்கேயே அவரைக் கூப்பிட்டார். அக்கா இந்த முறை நிஜமாகவே அழுதார். அழுதுகொண்டே தான் இரண்டு மாதமாக எழுதுவதற்கு முன் ஒரு பாட்டும் கேட்கவில்லை, பள்ளி திறப்பதற்குள் நானூறு சட்டை தர வேண்டும், மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று கொட்டினார். பெரும்பாலும் லேபு எழுதியதைப் பார்த்து.

அதற்குப் பிறகு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமில்லை. அலைப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

டாக்டர் பிடுங்கிய கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேனா?"

"நானும் கேட்டேன் டாக்டர்" என்றார் வேன் அண்ணன்.

"நீங்க ரெண்டு வார்த்தைதானே எழுதுவீங்க."

"கேக்கறது பெருசா, எழுதறது பெருசா?"

மற்ற மூவருடைய கோப்புகளையும் அன்று போடவில்லை. அவர்கள் கொடுத்த மூன்று டாக்டர்களின் எண்களோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை குழுவில் முதல் செய்தி அக்காவுடையது. அப்பா எப்படி இருக்கார்? மதியம் டாக்டர், அப்பா எப்படி இருக்கார்? செவ்வாயும் அப்படியே. பதில் சொன்னேன். தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் காற்று முகமூடி ஒன்றைப் பொருத்திப் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதினேன். உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்த படங்கள் வந்தன. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அதில் நான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை யாரும் எதையும் அனுப்பவில்லை. டாக்டர்கூட அனுப்பவில்லை. விதி போட்டவரே சும்மா இருந்தால் குழு அதோடு சரி என்று தெரிந்தது.

அன்று முகமூடி பொருத்த அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வந்திருந்தேன். அடுத்த வாரம்தான் கையில் தருவார்களாம். அப்பா களைத்துப் படுத்துவிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினேன். இன்னொரு காதை அவருக்கு விட்டுவைத்தேன். இப்படி ஒரு வழி இருப்பது அதுவரை தோன்றவே இல்லை. பட்டப்படிப்பெல்லாம் படித்திருக்கிறேன்.

போன வாரம் பல் டாக்டர் அனுப்பியதை எடுத்தேன். ஒன்பது நிமிடம். அலைப் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். நரம்புக் கருவி இரண்டு, ஒன்று கீழே ஒரே சுரத்தில் நிற்க, மற்றது அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் அப்பாவுக்கு மூச்சு நின்றபோது நிறுத்தினேன். தோளைத் தொட்டேன், அவர் புரண்டு படுத்ததும் விட்ட இடத்திலிருந்து போட்டேன். முடியும்போது எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அது அவ்வளவு நன்றாக இல்லை.

எங்கள் குழுவில் அப்படி யாரும் எழுதியதில்லை. சுகமாக இருந்தது, மனதைப் பிசைந்தது, கண் கலங்கியது, இப்படித்தான் எழுதுவோம். முன்பு நிஜமாகக் கேட்ட நாட்களிலும் நான் அப்படித்தான் எழுதினேன். டாக்டரோடு வாதாடும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. பிடுங்க வேண்டிய பல்லை இரண்டு வருடம் தள்ளிப்போட்டவள் நான்.

அப்பாவின் காலடியில் உட்கார்ந்து போனில் தட்டினேன்.

"டாக்டர், போன வாரம் நீங்கள் அனுப்பியதை இப்போதுதான் கேட்டேன். தொடக்கம் பிடித்தது. நடுவில் இரண்டு நிமிடம் சும்மா இழுக்கிறார்கள். எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை."

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்பப் பார்த்தபோது அக்காவோ அண்ணனோ எதுவும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அப்பாவைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன், தூங்குகிறார் என்று.

"எந்த ரெண்டு நிமிஷம்?" என்று வந்தது. உடனே அடுத்தது. "சரியா எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க. சும்மா இழுக்கறாங்கன்னு சொன்னா ஒத்துக்க முடியாது."

எனக்கு நிமிடம் சரியாக நினைவில்லை. முதலிலிருந்து மறுபடி போட்டேன்.