அண்ணன் மூட்டிய தீ

முருகேஸ்வரி மறுபடியும் ஆற்றங்கரைக்கு இறங்கியபோது மூடுபனி இன்னும் விலகியிருக்கவில்லை. இடுப்பில் ஒரு விறகுக்கட்டு, தலைமேல் ஒரு பழைய தகரம். மேலே வீட்டு வாசலில் அவளுடைய அண்ணன் சோலையைக் கிடத்தியிருந்தார்கள். கூடப்பிறந்தவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழாமல் விறகு சுமந்துகொண்டு திரிகிறாளே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேலை இருந்தது.

ஏலத்தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஆறு ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க மூன்று மரவீடுகள், கூடாரம் அடிக்கச் சில மேடைகள், நடுவே கல் அடுக்கிய வட்டத்துக்குள் தீ. எல்லாம் கட்டப்பனையில் இருக்கும் ரோசி சேச்சிக்குச் சொந்தம். காவல் சோலை, சமையல் முருகேஸ்வரி. புருஷன் போன பிறகு அவளை எஸ்டேட்டிலிருந்து கூட்டிவந்து இந்த அடுப்படியில் நிறுத்தியவன் அண்ணன்தான்.

அவள் கட்டை இரண்டைத் தள்ளி வைத்து ஊதினாள். சாம்பலுக்குள்ளிருந்து கங்கு சிவந்து பார்த்தது. தூறல் படாமல் தகரத்தைக் கல்லில் சாய்த்து வைத்தாள். தீக்கு எதிரே அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலி காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

விடிந்ததும் பால் விடாத கட்டன் சாயாவோடு இறங்கி வந்தபோது அவன் அதில்தான் சாய்ந்திருந்தான். கம்பளி முழுக்கப் பனித்துளி. அதற்கு மேல் ஒரு சிவப்புச் சால்வை. அவளுக்கு முன்னாலேயே எழுந்த யோகப்பிரியா என்ற விருந்தாளிப் பெண், பாவம் குளிரில் தூங்குகிறாரே என்று தன்னுடையதை எடுத்துப் போர்த்திவிட்டு, சத்தம் காட்டாமல் ஆற்றைப் பார்க்கப் போயிருந்தாள்.

"அண்ணே, கட்டன் ஆறுது. எந்திரி."

ஆற்று இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னாள். அப்புறம்தான் புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள்.

புறங்கையை வைப்பது அவனிடம் படித்த பழக்கம். காட்டை ஒட்டிய இடம் என்பதால், கிளம்பும் விருந்தாளிகள் தாங்கள் குளிர்காய்ந்த தீயைத் தாங்களே அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே சட்டம். தண்ணீர் ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று, கடைசியில் கையை வைத்துப் பார். "உள்ளங்கை வேண்டாம், அது காச்சுப் போயிருக்கும். புறங்கைய வையுங்க" என்பான். வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். கார் திரும்பியதும் சோலை வாளியோடு போய், "ஒருத்தனாவது ஒழுங்கா அணைச்சிட்டுப் போறானா பாரு" என்று முனகிக்கொண்டே முதலிலிருந்து அணைப்பான். அந்த முனகலில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பது தங்கைக்கு மட்டும் தெரியும்.

நேற்று சாயங்காலம்கூட யோகப்பிரியாவின் புருஷன் கௌசிக்குக்கு இந்தப் பாடம் நடந்தது. கோவிந்தாபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரன்.

"ஏனுங்கண்ணா, ஆறே பக்கத்துல ஓடுது. தீ எங்கீங்க போயிரப் போவுது?"

"அணைஞ்ச மாதிரிதான் தம்பி கெடக்கும். மத்தியானம் ஒரு காத்து அடிச்சா காட்டுக்குள்ள போயிரும்" என்றான் சோலை. சொல்லிவிட்டு ஒரு பெரிய கட்டையைத் தூக்கித் தீயில் போட்டான். அவன் போட்ட கடைசிக் கட்டை அதுதான். அது இன்னும் பாதி எரியாமல் கிடந்தது.

ஆற்றங்கரையில் நின்றால் மேலே அழுகிற சத்தம் எட்டாது. பனிக்குள் வாசலில் ஆட்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அண்ணன் மனைவி மூக்கம்மாள் மாரில் அடித்துக்கொள்வதும், கை உயர்வதும் தாழ்வதும், எல்லாம் சத்தமில்லாமல் நடந்தன. அங்கேதான் சாவு. இங்கே நாற்காலி இருக்கிறது, தீ இருக்கிறது, நாற்காலிக்காரன் விறகு பிளக்கச் சற்று எழுந்து போயிருக்கிறான். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது. தீ இருக்கிறவரைக்கும் நினைத்துக்கொள்ளலாம்.

காலையிலேயே தாய்மாமன் சுடலைமணியிடம் சொல்லியிருந்தாள். சடங்குக்கெல்லாம் அவர்தான் பெரியவர். கொள்ளிச்சட்டிக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வரட்டி இருக்கு, சூடம் இருக்கு. தீப்பெட்டி எங்கிட்டயே கெடக்கு" என்றார்.

"தீப்பெட்டி வேண்டாம் மாமா. கீழ அண்ணன் போட்ட தீ கெடக்கு. மவன் பிச்சைமணி வந்ததும் நான் கங்கு அள்ளிட்டு வாரேன்."

"எல்லாம் ஒரே தீதான புள்ள."

"ஒரே தீ இல்ல மாமா. நான்தான் சுடுகாட்டுக்கு வரக்கூடாது. அந்தத் தீயாவது அண்ணங்கூடப் போவட்டும்."

சுடலைமணி தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

சோலையின் மகன் பிச்சைமணி எர்ணாகுளத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஜீப் வந்து நிற்பதை ஆற்றங்கரையிலிருந்தே பார்த்தாள். தகரத்தைச் சரிபார்த்துவிட்டு ஓடினாள்.

பையன் அப்பாவின் காலடியில் விழுந்து கிடந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, "அத்தே, முந்தாநேத்து போன் பண்ணாருத்தே. நான்தான் எடுக்கல" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்தான். ஆறடி ஆள் அவள் மேல் சாய்ந்து குலுங்கினான். காலையிலிருந்து வராத அழுகை அப்போது அவளுக்கு வந்தது. வாயைத் திறந்து, ஊர் கேட்க அழுதாள். மூக்கம்மாளும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதார்களோ தெரியாது. பிறகு குளிப்பாட்டினார்கள். வேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள்.

"முருகேசு, சட்டிய எடு. நேரமாவுது" என்றார் சுடலைமணி.

அவள் சட்டியோடு இறங்கினாள். பனி விலகி, ஈரத்தில் காடெல்லாம் பச்சையாக மின்னியது. தீ இருந்த இடத்திலிருந்து புகை எழவில்லை. தகரம் ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கல் வட்டத்துக்குப் பக்கத்தில் முழங்கால் ஈரமாக, முழங்கை வரை சாம்பலாக, வாளியோடு கௌசிக் நின்றான். சற்றுத் தள்ளி யோகப்பிரியா பைகளை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணனை எடுக்கிறவரை இருந்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்று அவர்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். தீயைப் பற்றி அவர்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"அக்கா, அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணிட்டனுங்க" என்றான் கௌசிக். "தண்ணி ஊத்திக் கெளறி, மறுபடி ஊத்தி... பெரிய கட்டையெல்லாம் ஆத்துலயே முக்கி எடுத்துட்டனுங்க. பொறங்கைய வெச்சுப் பாத்துட்டேன். ஒரு பொட்டுச் சூடு இல்லீங்க."

முருகேஸ்வரி கல் வட்டத்தைப் பார்த்தாள். பாதி எரியாத அந்தக் கட்டை கரையில் கறுப்பாக, தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது.

அடப்பாவி என்று கத்தவேண்டும் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். தேர்வு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றான். அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கியிருந்தது. காலையில் அவள் போர்த்திய சால்வையோடுதான் அண்ணனை மேலே தூக்கிப் போனார்கள்.

"சட்டி எதுக்குங்க்கா?" என்று கேட்டாள் யோகப்பிரியா.

முருகேஸ்வரி குனிந்து உட்கார்ந்தாள். சாம்பலைக் குழிபறித்து, வலது புறங்கையை அடிவரை செலுத்தி வைத்தாள். அவசரப்படாமல், அண்ணன் வைத்துப் பார்ப்பதுபோலவே வைத்திருந்தாள். ஒரு மூலை விடாமல் பார்த்தாள். எங்கேயும் சூடில்லை. காலையில் அவன் நெற்றி இருந்த மாதிரியே இருந்தது.

"சாம்பல் எடுக்கத்தாம்மா" என்றாள்.

இரண்டு கை சாம்பலை அள்ளிச் சட்டியின் அடியில் பரப்பினாள். எழுந்தபோது கௌசிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா அணைச்சிருக்கீங்க தம்பி. எங்கண்ணன் இத்தன வருசமா இப்பிடி ஒருத்தரப் பாக்கணும்னுதான் இருந்தான்."

மேலே சுடலைமணி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சாம்பலுக்கு மேல் வரட்டியை அடுக்கிச் சூடம் வைத்தார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஈரக்காற்றில் முதல் குச்சி அணைந்தது. அடுத்ததற்கு அவள்தான் கைகுவித்து மறைப்புக் கொடுத்தாள்.

பிச்சைமணி சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். பெண்கள் ஏலத்தோட்டத்துத் திருப்பம் வரைதான் போனார்கள். அதற்கப்பால் கொஞ்ச நேரம் புகை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மரங்களுக்குள் போய்விட்டது. கௌசிக்கின் கார் வெகுநேரம் ஓரமாக நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் புறப்பட்டது.

எடுத்த பிறகு எல்லோரும் தலைமுழுகவேண்டும். பெண்கள் ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. மூக்கம்மாளைப் பிடித்து முழுக வைத்துவிட்டு, முருகேஸ்வரியும் கண்ணை மூடிக்கொண்டு அடியில் போனாள்.

சாம்பல் அப்பியிருந்த அவளுடைய வலது கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.