பின்பக்கம் நிறுத்திய மூன்று கார்கள்

ரேனாட்டா டூடெக்குக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் அது யோலாண்டா பிரிஸ்கோவின் கையெழுத்து. யுன்ஹே கார்த் தொழிற்சாலையின் வெல்டிங் பகுதியில் யோலாண்டா சரியென்றால் நூற்றியெண்பது பேருக்குச் சரி. அவள் உதட்டைப் பிதுக்கினால் அத்தனை பேரும் பிதுக்குவார்கள். அந்த நூற்றியெண்பது பேரும் சேர்ந்தால் தொழிற்சாலையில் சங்கம் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு கேட்கலாம். சேராவிட்டால், 'எனக்குச் சங்கத்தில் சேர விருப்பம்' என்று, தானும் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பதினான்கு மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடி ரேனாட்டா வாங்கி வைத்திருக்கும் கார்டுகளெல்லாம் குப்பைக்குத்தான்.

சீனக் காரை அமெரிக்காவுக்குள் விடவே மாட்டோம் என்று எத்தனை வரி போட்டார்கள், எத்தனை மேடையில் முழங்கினார்கள்! கடைசியில், விற்க வேண்டுமானால் இங்கேயே வந்து செய் என்றார்கள். யுன்ஹேக்காரர்களும் வந்துவிட்டார்கள். டிட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றங்கரையில் ஏழு வருடம் பூட்டிக் கிடந்த தொழிற்சாலையை வாங்கி, வெள்ளையடித்து, எழுநூறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். ரேனாட்டாவின் அப்பா காஸிமிர் முப்பத்தோரு வருடம் தகடு அடித்த அதே கட்டடம். மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று பேச்சை நிறுத்தியவர், கிறிஸ்துமஸுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் இளைஞராக இருந்தபோது ஜப்பான் கார் வந்தது. அவர் தெருவில் மட்டும் வேலை போய் ஐந்து வீடு ஏலத்துக்குப் போயின. சங்கத்துப் பிக்னிக்கில் ஒரு ஜப்பான் காரை நடுவில் நிறுத்தி, சம்மட்டியால் ஆளுக்கொரு அடி அடிப்பார்களாம். அந்த வரிசையில் முதல் ஆள் காஸிமிர்தான். கோபத்தை அன்று ஏற்றிக்கொண்டவர், இன்னும் இறக்கி வைக்கவில்லை.

அப்பாவின் பழைய சங்கக் கட்டடத்து மாடியில் யோலாண்டாவோடு பேசுகிற கூட்டத்தை ரேனாட்டா வியாழக்கிழமைக்குத்தான் ஏற்பாடு செய்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லார் போனிலும் மணி அடித்தது: இன்று கூடுதலாக மூன்று மணி நேரம் வேலை. யுன்ஹேயின் வழக்கமே அது. கடைசி நிமிடத்தில் சொல்வார்கள், முடியாதென்று வீட்டுக்குப் போனால் பெயருக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளி. ஆகவே கூட்டம் வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று. வெள்ளியென்றால் தவக்கால வெள்ளி, கறி தின்னாத நாள். சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்றவர்கள் மீன் வறுத்து ஊருக்கே விற்கிற நாள். அப்பாவும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். நிற்கட்டுமே, நாம் மாடியில்தானே இருக்கப் போகிறோம் என்று நினைத்தாள்.

"ரோட்டுல நிறுத்தாதீங்க. மேனேஜர் யாராச்சும் அந்தப் பக்கம் போனா வண்டிய வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. பின்னாடி நிறுத்துங்க" என்று அவளே ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

பின்பக்கம் நுழைகிற இடத்தில் ஓர் இரும்புப் பலகை இருந்தது. சங்கத்துக்காரர்கள் செய்யாத வெளிநாட்டு வண்டியை இங்கே நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தப் பலகையில்தான் ரேனாட்டா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படிப்பட்டவள் அதன் அடியிலேயே தன் யுன்ஹே காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். வெளிநாட்டு வண்டி என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? அந்தக் காரின் கதவைப் பொருத்தியதே அவள் கைதான்.

ஐந்து பேர் வருவதாகச் சொன்னதில் மூன்று பேர் வந்தார்கள். யோலாண்டாவும் அவள் பக்கத்தில் வெல்டிங் செய்கிற ஏமன்காரர் நாசரும் ஆளுக்கொரு யுன்ஹே காரில். பெயிண்ட் பகுதி வெண்டெல் மட்டும் தன் ஓட்டை டிரக்கில். ஊழியர்களுக்குக் கம்பெனி விலையைக் குறைத்துக் கொடுக்கிறது, யார்தான் விடுவார்கள்? வெண்டெலுக்குக் கடன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"தாயே, கீழ மீன் வாசனை ஆளைத் தூக்குது. மேல ஒண்ணும் கிடையாதா? காய்ஞ்ச பிஸ்கட்டு வச்சா புரட்சி பண்ணக் கூப்பிட்டே?" என்றான் வெண்டெல்.

"முதல்ல கையெழுத்து. அப்புறம் மீனு" என்றாள் ரேனாட்டா.

யோலாண்டா சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு ரேனாட்டா, எனக்கு வேதாந்தமெல்லாம் வேணாம். என் பையன் மைக்கா இருக்கிற காப்பகத்தை அஞ்சரைக்கு மூடிருவாங்க. இவனுங்க ரெண்டு மணிக்கு ஓவர்டைம்னு சொல்றானுங்க. மூணு தடவை லேட்டாப் போயிட்டேன். நாலாவது தடவை போனா இடத்தை வேற புள்ளைக்குக் குடுத்துருவாங்க, எழுதியே குடுத்துட்டாங்க. உங்க சங்கம் வந்தா இது மாறுமா, மாறாதா?"

"முதல் கோரிக்கையே அதான். ஓவர்டைம்னா முந்தின நாளே சொல்லணும். பேப்பர்ல முதல் வரியா உன் பேச்சைத்தான் எழுதியிருக்கேன், பாரு."

யோலாண்டா பேப்பரை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். சந்தா எவ்வளவு, வேலைநிறுத்தம் வந்தால் வீட்டு வாடகைக்கு யார் பதில், சீனாவிலிருந்து வந்திருக்கும் சூப்பர்வைசர்கள் பழிவாங்கினால் யார் நிற்பார்கள். ரேனாட்டா சளைக்காமல் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அதுதான் யோலாண்டாவுக்குப் பிடித்தது போலிருக்கிறது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனாவைக் கேட்டு வாங்கி, கார்டில் கையெழுத்துப் போட்டாள். நாசரும் போட்டார். வெண்டெல் கையெழுத்தைப் போட்டுவிட்டு அதன் கீழே ஒரு மீன் படமும் போட்டான்.

"திங்கட்கிழமை எல்லாரும் போடுவாங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாள் யோலாண்டா.

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ரேனாட்டாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யோலாண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மூன்று கார்டையும் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தாள். நால்வரும் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள்.

வெண்டெலின் டிரக் மட்டும் நின்றது.

முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நாசர் சுற்றும் முற்றும் பார்த்தார். யோலாண்டா சாவியை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், ஏதோ கார் எங்காவது ஒளிந்துகொண்டு பதில் கொடுக்கும் என்பது போல.

"திருட்டா?" என்றார் நாசர்.

"திருடன் என்னுதையும் எடுத்திருப்பானே" என்றான் வெண்டெல். அப்புறம் அவன் பார்வை பலகையின் மேல் போயிற்று. அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். "ஏம்மா, என் டிரக்குக்குப் பேருதான் அமெரிக்கப் பேரு, பொறந்தது மெக்சிகோவுல. அதை விட்டுட்டாங்க. இந்த ஊர்ல, நம்ம கையால செஞ்சதை வெளிநாட்டு வண்டின்னு தூக்கிட்டாங்க!"

யோலாண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி நாலு நிமிடம். "மைக்காவை உட்கார வைக்கிற குழந்தை சீட்டு கார்லதான் இருக்கு. அது இல்லாம காப்பகத்துல புள்ளையை என் கையில குடுக்க மாட்டாங்க" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நால்வரும் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். நீள மேசைகளில் ஊர்ப் பெருசுகள் அத்தனை பேரும் வறுத்த மீனும் கோஸ் கலவையும் பியரோகிக் கொழுக்கட்டையுமாக வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டிக்கு முன்னால் காஸிமிர். பக்கத்து மேசையில் இழுவை வண்டிக்காரன் லோனி, தட்டு நிறைய மீனோடு. பழைய கார்களை அடைத்து வைக்கிற அவனுடைய யார்டுச் சாவிக்கொத்து தட்டின் ஓரத்தில் கிடந்தது. வேலைக்குக் கூலி அந்த மீன்தான் போலும்.

"அப்பா! பின்னாடி நின்ன வண்டியெல்லாம் எங்க?"

பதினான்கு மாதம் கழித்து மகளிடம் பேசிய முதல் வார்த்தையைக் காஸிமிர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "வண்டியா? சீனாச் சாமான் மூணு கிடந்துச்சு. ரூல் படி தூக்கச் சொன்னேன். மூணு நடை, பாவம், லோனிக்கு இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

மேசைகளில் கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"அதுல ஒண்ணு என்னோடது பெரியவரே" என்றாள் யோலாண்டா. கைதட்டல் நின்றது. "நான் மீன் திங்க வரலை. உங்க சங்கத்துல சேர வந்தேன். மாடியில இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன். என் புள்ளையை அஞ்சரைக்குக் கூட்டிட்டு வரணும்."

காஸிமிரின் கையிலிருந்த கரண்டியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மகளைப் பார்த்தார். ரேனாட்டா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்தக் காரைச் சங்கத்துக் காரா ஆக்கத்தான் இவங்க வந்தாங்கப்பா. ஆக்கினப்புறம் நீயே அதைத் துடைச்சு வைக்கலாம்னு நினைச்சிருந்தேன்" என்றாள்.

லோனி மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். வெண்டெலின் டிரக்கில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு அவன் பின்னாலேயே போனார்கள். யார்டு அரை மைல்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. நிலக்கரி வண்டி ஆடி அசைந்து போகிற வரை யோலாண்டா காப்பகத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். "தெரியும்மா... தெரியும்... நாலாவது தடவைதான், தெரியும்..." என்றாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பேசியதை அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. மூன்று காரும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரம், ரேனாட்டாவுடையது. அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். யோலாண்டா கார்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"என் கார்டைக் குடு."

"யோலாண்டா, நான் காப்பகத்துக்கு வந்து பேசறேன். தப்பு எங்க மேலன்னு சொல்றேன்."

"இடம் போச்சு. அங்க என்ன பேசி என்ன ஆகப்போகுது? கம்பெனி என்னை மூணு தடவை லேட்டாக்கிச்சு. நாலாவது தடவை உங்க சங்கம்." அவள் கையை நீட்டியபடியே நின்றாள். "எனக்கு உன் மேல கோபமில்லடி. ஆனா அந்த ஆளுங்க கைதட்டினதை என் காதால கேட்டேன். இவங்களை நம்பி நூத்தியெண்பது பேரைக் கூட்டிட்டு வரச் சொல்றியா?"

ரேனாட்டா உறையைப் பிரித்துக் கார்டைக் கொடுத்தாள். யோலாண்டா அதை நாலாகக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள், குப்பை போடக்கூட மனசில்லாத ஒழுங்குக்காரி. நாசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னுதும் குடுத்துரும்மா. அங்க அவ பக்கத்துலதான் நான் வேலை பார்க்கணும்" என்றார். இரண்டு காரும் போய்விட்டன.

"என்னுது இருக்கட்டும். மீன் படம் போட்டிருக்கேன்ல" என்றான் வெண்டெல். யாரும் சிரிக்காததால் அவனும் டிரக்கை எடுத்துக்கொண்டு போனான்.

காஸிமிர் நடந்தே வந்திருந்தார். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. எழுபத்திரண்டு வயதுக்கு அரை மைல் ஓட்டமும் நடையும் என்றால் மூச்சு வாங்கத்தானே செய்யும். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோனி நாசூக்காக ஷெட்டுக்குள் போய்விட்டான்.

"அந்தப் பொண்ணு..."

"போயிட்டா. கார்டைக் கிழிச்சிட்டுப் போயிட்டா. பதினாலு மாசம்ப்பா. எல்லாம் போச்சு."

"எனக்கு என்ன தெரியும் ரேனி? நீ மாடியில கூட்டம் போட்டது யாருக்குத் தெரியும்? ரூல்னு ஒண்ணு இருக்கு, நாப்பது வருசமா..."

"அப்பா." அவள் தன் காரைக் காட்டினாள். பின்கண்ணாடியில் அம்மா இருந்தபோது கையால் பின்னிய சிவப்புத் துண்டு தெரிந்தது; ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது. "இது என் வண்டின்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் ஆசைப்பட்டாள். காஸிமிர் எண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"தெரியும். உன்னுதைத்தான் முதல்ல தூக்கச் சொன்னேன்."

"அப்போ மத்த ரெண்டும்? அதுங்க என்ன பண்ணுச்சு உனக்கு?"

பதிலாக வந்த குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"உன்னுதை மட்டும் தூக்கினா, கோவத்துல பண்ணேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்ல. அதான் அதுங்களையும் சேர்த்துத் தூக்கச் சொன்னேன். ரூல் மாதிரி இருக்கட்டும்னு."

ரேனாட்டா காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"யோலாண்டா வீடு உனக்குத் தெரியாது. நான் எழுதித் தரேன். நாளைக்குப் போயி இதைச் சொல்லு. ரூல்னு சொல்லாத. இப்ப என்கிட்ட சொன்னியே, இதைச் சொல்லு."

"சொன்னா மறுபடியும் கையெழுத்துப் போடுவாளா?"

"மாட்டா" என்றாள் ரேனாட்டா. "போயிச் சொல்லு."