அமாவாசையன்று ஓர் ஆங்கிலப் பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்த மங்கையர்க்கரசிக்கு நிகழ்காலத்தின் மேல் ஒரு பைத்தியம். இறந்தகாலத்தை யார் வேண்டுமானாலும் நடத்திவிடலாம், மனப்பாடம்தானே என்பாள். நிகழ்காலம் அப்படி இல்லையாம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு முகமாம். நான் தையல் டீச்சர், மாகறலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பக்கத்து வகுப்பில் இருந்த பாவத்துக்கு அந்த இரண்டு முகத்தையும் வருஷம் முழுக்கக் கேட்டுத் தொலைத்தேன்.

அறுபதுகளில் சர்க்கார் ஒரு புது முறையைக் கொண்டுவந்திருந்தது. இலக்கணத்தைச் சொல்லக்கூடாது, செய்து காட்ட வேண்டும். மங்கை கதவை நோக்கி நடந்துகொண்டே, "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பாள். திறக்கும்போது ஒரு வாக்கியம், திறந்து முடித்ததும் இன்னொன்று. அந்தக் கதவின் கீல் கழன்று ஆசாரி வந்து போனார்.

"மை ஃபாதர் வீவ்ஸ்னா அது அவர் தொழில். அவர் தூங்கும்போதும் சொல்லலாம். மை ஃபாதர் ஈஸ் வீவிங்னா, இதோ இந்த நிமிஷம் உன் கண்ணெதிரே நெய்யணும். கண்ணால பார்க்காததை வாயால சொல்லாதே" என்பாள். 'நோ', 'லைக்' போன்ற சொற்களுக்கு அந்த 'இங்' ஒட்டவே ஒட்டாதாம். தெரிவதும் பிடிப்பதும் ஒரு நிலை, செயல் அல்ல என்பாள். பெண்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். அநேகமாக எல்லாமே தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

மங்கையும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். அவள் தெருவில் பி.ஏ. படித்த முதல் பெண். வேலை மட்டும் தற்காலிகம். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து ஒரு பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் கோடையோடு வீட்டுக்குப் போய் ராட்டை சுற்ற வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்குப் பின்னால்தான் அவள் வீடு. வகுப்பையே அங்கே கூட்டிப்போய், அப்பா மயில்வாகனம் தறியில் நெய்வதைக் காட்டிப் பாடம் நடத்துவதாக எழுதி அனுப்பினாள். இன்ஸ்பெக்ட்ரஸுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அத்தோடு விட்டாரா? தனக்குத் தோதாக நாளைத் தள்ளிவைத்தார். அது அமாவாசையில் போய் விழுந்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். அன்று அந்தத் தெருக்களில் கேட்கிற அமைதி வேறு எந்த நாளும் கேட்காது.

"கதவையே திறந்து மூடிக் காட்டேன்" என்றேன்.

"பாடத்தை மாத்தினா தயாரிப்பு இல்லைன்னு எழுதிடுவாங்க."

விஷயத்தைச் சொல்லித் தேதியை மாற்றச் சொல்லலாம் என்றால் தலைமையாசிரியை வாயை அடைத்துவிட்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் பட்டணத்துக்காரர், மூடநம்பிக்கை என்று ஒரு சொற்பொழிவு நடத்திவிட்டுப் போய்விடுவார் என்றார்.

முதல் நாள் சாயங்காலம் மங்கையோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். மயில்வாகனம் அதிகம் பேசாத மனிதர். ஐப்பசி சூரசம்ஹாரத்தில் முருகனுடைய ஒன்பது வீரர்களாக நெசவாளர்கள் வேஷம் கட்டுவது அங்கே வழக்கம். அவர்களில் முதல்வரான வீரபாகு, அந்தத் தெருவில் அவர்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார் என்று மங்கை சொல்லியிருக்கிறாள். நடத்தை சுத்தமாக இருப்பவனுக்குத்தான் அந்த வேஷம்.

"அரை மணி நேரம் உக்காந்தா போதும்பா" என்றாள் மங்கை.

"அமாவாசைல எவன்மா தறியில உக்காருவான்?"

"வேற வழி இல்லப்பா. இது போச்சுன்னா வேலையும் போச்சு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மங்கை அடுப்படியில் போய் அழுதாள்.

மறுநாள் இன்ஸ்பெக்ட்ரஸோடும் வகுப்போடும் நாங்கள் தெருவுக்குள் திரும்பியபோது தறிச் சத்தம் கேட்டது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எதிர் வீட்டுப் படியில் தெருவுக்குப் பெரியதனக்காரரான பரசுராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மயில்வாகனம் தறிக்குழியில் உட்கார்ந்து, மிதியை மிதித்து, இழையைக் கொண்டுபோகிற நாடாக்கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எறிந்துகொண்டிருந்தார். மங்கையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, போன உயிர் வந்தது எனக்கு.

இன்ஸ்பெக்ட்ரஸ் தாமே கேள்வியைத் தொடங்கினார். "வாட் ஈஸ் ஹி டூயிங்?"

பெண்கள் எல்லோரும் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கிருஷ்ணவேணி என்கிற பெண், "ஹி ஈஸ் சிட்டிங், மேடம்" என்றாள்.

"எஸ். வாட் எல்ஸ்?"

"ஹி ஈஸ் மூவிங் ஹிஸ் லெக்ஸ்."

"ஹி ஈஸ் த்ரோயிங் த ஷட்டில்" என்றாள் இன்னொருத்தி.

இன்ஸ்பெக்ட்ரஸுக்குப் பொறுமை போயிற்று. "ஈஸ் ஹி வீவிங்?"

"நோ, மேடம்." வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது.

இன்ஸ்பெக்ட்ரஸ் பேனாவை மூடினார். "தறிக்கு முன்னால நிக்கறாங்க, வீவ்னா என்னன்னு இவங்களுக்குத் தெரியலையே" என்றார் மங்கையிடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓரத்தில் நின்ற பெண்ணை இழுத்து என்னடி என்று கேட்டேன். "நாடாவுல தார் இல்ல டீச்சர். வெறும் நாடா" என்றாள் காதுக்குள்.

தார் என்பது குறுக்கே ஓடும் ஊடை இழை சுற்றிய குச்சி. அது நாடாவுக்குள் இருந்தால்தான் இழை ஓடும், துணி வளரும். மயில்வாகனம் ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. சத்தம் வரும், கை காலெல்லாம் ஓடும், ஓர் இழைகூட விழாது. அமாவாசையும் கெடாது, மகள் பாடமும் நடக்கும். எல்லாம் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். பார்க்க வருவது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும், பார்க்காததைச் சொல்லாதே என்று தன் மகளே அவர்களுக்கு ஓதியிருக்கிறாள் என்பதையும் மட்டும் மறந்துவிட்டார்.

மங்கைக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. ஒரு கண்ஜாடை போதும், பெண்கள் சொல்லியிருப்பார்கள். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. உன் சத்தியத்தைத் தூக்கி உடைப்பில் போடு, பிழைக்கிற வழியைப் பார் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் அசையவில்லை.

மயில்வாகனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'நோ' தெரியும். மகள் முகமும் தெரியும். மிதியை நிறுத்தினார். வாசல் வழியே எதிர்ப்படியில் நின்ற பரசுராமனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்துக் கூடையில் கைவிட்டு ஒரு தாரை எடுத்து நாடாவுக்குள் பொருத்தினார். நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சி இழையை வெளியே இழுத்தார். எறிந்தார்.

யாரும் கேள்வி கேட்கவில்லை. பெண்கள் தாங்களாகவே சொன்னார்கள். "ஹி ஈஸ் வீவிங், மேடம்."

இன்ஸ்பெக்ட்ரஸ் ஆச்சரியத்தோடு திரும்பினார். அப்படியானால் முன்னால் ஏன் இல்லை என்றாய் என்று கிருஷ்ணவேணியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிஃபோர், ஹி வாஸ் நாட் வீவிங், மேடம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார். முன்னால் என்னதான் நடந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் மங்கை வீட்டில் இருக்கும்போதே பரசுராமன் வந்தார். சண்டைக்கு வரவில்லை, வழி சொல்லத்தான் வந்தார்.

"மயிலு, நீ வெறும் நாடா எறிஞ்சத நானே பார்த்துக்கினு இருந்தேன். அதையே நாலு பேர் முன்னால சொல்லிடு. விட்டுடலாம்."

"அப்புறம் தார் போட்டேனே."

"ரெண்டு இழை. யாருக்குப்பா தெரியும்?"

"நம்ம தெருப் பொண்ணுங்களுக்குத் தெரியும். நெய்யறாருன்னு அந்தம்மா முன்னால சொல்லிச்சுங்க. இப்ப நான் இல்லைன்னா அதுங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பரசுராமன் கிளம்ப எழுந்தார். "அப்ப இந்த வருஷம் வீரபாகு?"

"வேற யாருக்காவது கட்டுங்க."

மங்கையின் வேலை நிரந்தரமான உத்தரவு தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. அவள் அதைச் சாமி படத்தின் முன் வைத்தாள், யாருக்கும் இனிப்பு கொடுக்கவில்லை.

சூரசம்ஹாரத்தன்று நான் ஊருக்குப் போகாமல் அவர்களோடு நின்றேன். கூட்டத்துக்கு நடுவே, வேட்டி சட்டையில், மயில்வாகனத்தை அடையாளமே தெரியவில்லை. தூரத்தில் மேளம் கேட்டது.

"நீங்க எனக்காக இதைப் பண்ணியிருக்க வேணாம்பா" என்றாள் மங்கை.

"தார் போட்டவன் நான். நீ ஏம்மா அழுவுற" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமல்.

வீரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் இளவட்டம். நடை சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. மயில்வாகனத்தின் உதடு மேளத்துக்கு ஏற்ப அடவை முணுமுணுத்தது. தொங்கிக்கொண்டிருந்த அவர் வலது கை, வாளைப் பிடித்தது போல மெல்ல மடங்கியிருந்தது. மங்கை அதைப் பார்த்துவிட்டு அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைத் தடுக்கவில்லை.