பன்னிரண்டாவது போர்வை

நூலை நாக்கில் நனைத்து ஊசிக் காதில் கோத்தாள் பெர்னடெற். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

"கெதியாத் தாரும்," என்றார் கணவர் பெனடிக்ற். அவசரம் குரலில் மட்டும்தான் இருந்தது. கை மெதுவாகவே நீண்டது.

குட்மேய்ஸில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், அவளுடைய தையல் மெஷின் இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். அவருக்கு டயாலிசிஸை நிறுத்தி எட்டு நாளாகிறது. இதயம் இனித் தாங்காது என்று டொக்டர் சொன்னபோது, "அப்ப நான் வீட்டை போறன்" என்று அவரேதான் முடிவெடுத்தார். மகள் ஷெறோனால் அதை ஏற்க முடியவில்லை. ஹரோவிலுள்ள தன் வீட்டிலிருந்து தினமும் வருவாள். குசினியில் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவுவாள். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள்.

அவர் மடியில் துண்டுப் போர்வை கிடந்தது. பெர்னடெற் ஊராருக்குச் சேலைச் சட்டை தைத்து மிஞ்சியவைதான் எல்லாம். கிளிப்பச்சைப் பட்டு, கத்தரிப்பூ நிறப் பருத்தி, சரிகைக் கரை.

நாலு வருடத்துக்கு முன், வேர்ஹவுஸ் வேலையை விட்டு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய புதிதில், ஒருநாள் வந்து அவளுடைய வெட்டுத்துணிக் குப்பைப் பையை அவிழ்த்தார்.

"என்னப்பா கிளறுறியள்?"

"அங்க கிடக்கிற சனத்துக்குச் சரியான குளிர், பெர்னா. ரத்தம் வெளியில போய்த் திரும்பி வரேக்க எலும்புக்குள்ள குளிரும். அவங்கள் தாற கம்பளி காணாது."

ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. அங்கே படுத்திருக்கும் நாலு மணித்தியாலமும் மற்றக் கையால் நெஞ்சில் துண்டுகளை அடுக்கி நிறம் பார்ப்பார். அடுத்த நாள் வீட்டில் தைப்பார். முதல் போர்வை கோணிப்போனது. பெர்னடெற் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தார் மனுசன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. பெரிய துண்டுகளாகப் பார்த்து எடுத்து வைக்கத் தொடங்கினாள். பதினொரு பேருக்கு, அவரவர் கேட்ட நிறத்தில் கொடுத்துவிட்டார். இது பன்னிரண்டாவது. புதிதாக வந்து, முதல் நாளே குளிரில் அழுத ஹம்சினி என்ற பெண்ணுக்கு.

மத்தியானம் ஷெறோன் தேத்தண்ணியோடு வந்தாள்.

"பிள்ளை, இந்தக் கரையைப் பிடி."

பிடித்தாள். அவர் விரலால் தையலைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இதில இழை விட்டுப்போச்சு. பிரி."

"பரவாயில்லையப்பா. ஆர் பாக்கப் போகினம்?"

"ஆரும் பாக்கமாட்டினம். குளிர் பூந்திடும்."

ஷெறோன் கத்தரிக்கோலை எடுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"இன்னும் ரெண்டு மாசமாவது எங்களோட இருந்திருக்கலாம்."

"இப்ப இருக்கிறன்தானே. தை, பாப்பம்."

தைத்தாள். இரண்டு தையல் நீண்டுவிட்டதென்று அவர் குறை சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் பிரித்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

பெர்னடெற் அடுத்த ஊசியைக் கோத்துக்கொண்டு வந்தபோது நாலு மணியிருக்கும். அவருடைய கை போர்வையின் மேல் விரிந்து கிடந்தது. நெஞ்சைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா நித்திரை," என்றாள் ஷெறோன் மெல்ல.

பெர்னடெற் ஊசியை மகளிடம் நீட்டினாள்.

"ஓம் பிள்ளை. நீ அந்த வரியை முடி."

அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகுதான் சொன்னாள்.

பூசையும் அடக்கமும் முடிந்த அடுத்த திங்கள், பெர்னடெற் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனாள். இத்தனை வருடமும் வீட்டு வாசலுக்கு வந்த ஆஸ்பத்திரி மினிபஸ்தான் அவரை ஏற்றிப் போய் இறக்கியது. உள்ளே அவள் போனதேயில்லை. நேர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள்.

வெள்ளைச் சுவர், வெள்ளை மெஷின்கள். அவற்றுக்கிடையே கிளிப்பச்சை, மஞ்சள், குங்குமச் சிவப்பு. லொறி ஓடியவன் என்று அவர் சொல்லியிருந்த போலந்துக்காரனின் முழங்காலில், அவள் தைத்துக் கொடுத்த ஜெயகௌரியின் கல்யாணச் சட்டைத் துணி. ஒரு சோமாலிப் பெண்ணின் தோளில் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன நீலம். எந்தத் துணி எந்தச் சட்டையில் மிஞ்சியதென்று அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். தன்னுடைய தையலை விட நெருக்கம்.

கடைசி நாற்காலியில் ஒரு மெலிந்த பெண், சுவெற்றர் கைக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹம்சினியோ?"

"ஆமா... நீங்க பெனடிக்ற் அங்கிளோட..."

பெர்னடெற் தலையசைத்துப் போர்வையை விரித்தாள். அந்தப் பெண் அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது. மூச்சு சீராகும்வரை பெர்னடெற் இருந்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல், வீடுவரை நடந்தாள்.